ராத்திரி பத்தரை மணிப் பசி காலையிலேயே தொடங்கிவிடுகிறது

ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 39. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. கணக்குப் பிரிவில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை, இரண்டு பிள்ளைகள், வீட்டில் சர்க்கரை நோயோடு 66 வயது மாமியார். நான்கு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 5.9 வந்திருக்கிறது. பயந்துபோய் டயட் ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. முதல் வாரமே 3 கிலோ குறைந்தது, அப்புறம் குறையவே இல்லை, அதில் ஒன்றரை கிலோ திரும்பியும் வந்துவிட்டது.

அவர் டயட் இதுதான். காலை 6 மணிக்கு வெந்நீரில் எலுமிச்சையும் இரண்டு ஸ்பூன் தேனும். டிபன் கிடையாது. 11 மணிக்கு ஆபீஸ் பக்கத்துக் கடையில் சர்க்கரை போடாத சாத்துக்குடி ஜூஸ். மதியம் சோற்றுக்குப் பதில் மூன்று சப்பாத்தி, தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு. நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை. மாலை டீயோடு ஏழெட்டு மேரி பிஸ்கட். இரவு ஏழரைக்கு ஒரு கிண்ணம் பப்பாளி, அத்தோடு சரி.

"பத்தரை மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு அடுப்படிக்குப் போகிறேன் டாக்டர். லைட்கூடப் போடுவதில்லை. குண்டானில் இருக்கும் சோற்றில் தயிரை ஊற்றி, தட்டு எடுத்தால் சத்தம் கேட்கும் என்று கரண்டியாலேயே நின்றபடி சாப்பிடுகிறேன். வாரத்தில் மூன்று நாளாவது இப்படி ஆகிறது. 'உனக்குக் கட்டுப்பாடு கிடையாது' என்கிறார் கணவர். அரிசிக்கும் இனிப்புக்கும் நான் அடிமையாகிவிட்டேனா? தோழி சொல்கிற மாதிரி, மாவுச்சத்தைக் கிட்டத்தட்ட முழுதாக விட்டுக் கொழுப்பை நிறையச் சாப்பிடும் கீட்டோ டயட்டுக்கு மொத்தமாகப் போய்விடட்டுமா? மாமியாரும் என்னோடு சேர்ந்து சோற்றை விடுகிறேன் என்கிறார், விடலாமா?"

சகோதரி, கடைசிக் கேள்விதான் அவசரமானது, அதனால் அதற்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மாமியார் இப்போதைக்கு எதையும் விட வேண்டாம். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஆனால் இதைப் படிக்கும் இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி உங்களுக்கு வருகிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஒரு தாளில் நீங்கள் சாப்பிடுவதை மணி வாரியாக எழுதியும் பார்த்தேன். கட்டுப்பாடு இல்லாத ஒருவரின் நாள் இல்லை அது. காலை ஆறிலிருந்து ராத்திரி பத்தரை வரை, பதினாறரை மணி நேரம், பசியை அடக்கும் பொருள் கிட்டத்தட்ட எதுவுமே இல்லாமல் ஒரு பெண் வீட்டு வேலையும் பார்த்து ஆபீஸ் வேலையும் பார்த்திருக்கிறார். பத்தரை மணிக்கு உங்களை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனது உடம்பு. அந்த வேலையை அது சரியாகத்தான் செய்திருக்கிறது.

நீங்கள் விட்டது அரிசியை, இனிப்பை இல்லை

கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம். நாலு டீக்கு எட்டு ஸ்பூன் என்றால் 35 கிராம் சுமாராக. காலைத் தேன் இரண்டு ஸ்பூனில் 11, 12 கிராம். ஜூஸ் ஒரு டம்ளரில் பழத்தின் சொந்தச் சர்க்கரையே 15 கிராமுக்குக் குறையாது. பிஸ்கட் எட்டில் இன்னொரு 10. மொத்தம் 70 கிராமை ஒட்டி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு, சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. நாளுக்கு 1500 கலோரி சாப்பிடுபவருக்கு அது 37 கிராம். தேனையும் பழச்சாற்றையும் அந்த நிறுவனம் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது, முழுப் பழத்தைச் சேர்ப்பதில்லை. அதாவது டயட்டில் இருக்கும்போதே வரம்பைப் போல இரண்டு மடங்கு இனிப்பு உங்களுக்குள் போகிறது, அதுவும் பெரும்பாலும் குடிக்கும் வடிவத்தில்.

குடிக்கும் இனிப்புக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மென்று தின்பதை வயிறு கணக்கில் வைத்துக்கொள்கிறது, குடித்ததை அவ்வளவாக வைத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு வெளியான ஒரு சின்ன ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. 15 பேருக்கு நாலு வாரம் தினமும் 450 கலோரியை ஜெல்லி மிட்டாயாகக் கொடுத்தார்கள், பிறகு அதே 450 கலோரியைச் சோடா பானமாக. மிட்டாய் தின்ற நாட்களில் அவர்கள் தங்களை அறியாமலே மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்தபோது குறைக்கவே இல்லை, வழக்கமான சாப்பாட்டின் மேல் அது கூடுதலாகச் சேர்ந்தது. உங்கள் தேன் தண்ணீரும் ஜூஸும் டீயும் இந்த வகைதான். சாத்துக்குடியை உரித்துச் சுளையாகத் தின்றால் ஒன்றிரண்டில் நிறுத்திவிடுவீர்கள், ஒரு டம்ளர் ஜூஸுக்குக் கடைக்காரர் மூன்று நாலு பழம் பிழிந்து சக்கையைக் குப்பையில் போடுகிறார், போவது நார்ச்சத்து.

நாட்டுச்சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதை மருந்து மாதிரி நம்பிக்கொண்டு வருகிறார்கள். அதில் கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் உண்டு, மணம் உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், கலோரியும் ஏறக்குறைய அதே. ரத்தத்துக்குள் போனபின் எந்த நிறத்தில் வந்தது என்று உடம்புக்குத் தெரியாது. நல்லது என்ற நம்பிக்கையில் ஒரு ஸ்பூன் போடும் இடத்தில் இரண்டு போடுகிறோம், உண்மையான சிக்கல் அங்கேதான்.

சப்பாத்திக்கும் இதே கதைதான். முப்பது கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் 20 கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்து இருக்கும். மூன்று சாப்பிட்டால் அறுபதுக்கு மேல், அது ஒன்றரை கப் சோற்றுக்குச் சமம். சோற்றை விட்டோம் என்ற மனத் திருப்தி கிடைக்கிறது, உடம்புக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலிருக்கும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நடத்தும் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. நம் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வந்ததால் மட்டும் சர்க்கரை நோய் வாய்ப்பு குறையவில்லை என்றும், மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் வகைப் புரதம் வந்தபோதுதான் குறைவாக இருந்தது என்றும் அதில் தெரிந்தது. நீங்கள் செய்தது அந்த முதல் மாற்றம். செய்ய வேண்டியது இரண்டாவது.

பசி எப்படி உண்டாகிறது

காலியான வயிற்றில் தேன் தண்ணீர் மாதிரி வேகமாகக் கரையும் சர்க்கரை போகும்போது, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை ஏறுகிறது, இன்சுலின் வந்து அதைத் தள்ளி அடுக்குகிறது, சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அது தொடங்கிய இடத்தைவிடக் கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது. 2021-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உடலில் சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் கருவியை ஒட்டிப் பார்த்தார்கள். சாப்பிட்ட 2 முதல் 3 மணி நேரத்தில் அதிகம் இறங்கியவர்கள், அதிகம் இறங்காதவர்களைவிட ஏறத்தாழ அரை மணி நேரம் முன்னதாகவே அடுத்து எதையாவது தேடிப் போனார்கள், அந்த நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 300 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு உங்கள் கால் தானாக ஜூஸ் கடைப்பக்கம் போவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு "மாவுச்சத்து என்றாலே பசி" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இணையத்தில் அப்படித்தான் கூவுகிறார்கள், அது பாதி உண்மை. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 வகை உணவை ஒரே 240 கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டுப் பட்டியல் போட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால், வெண்ணெய் போட்டுச் செய்யும் குரோசான் ரொட்டிக்கு 47-தான். முதலிடத்தில் 323 மதிப்பெண்ணோடு வந்தது எது தெரியுமா? வேகவைத்த உருளைக்கிழங்கு. ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் அதே உருளைக்கிழங்குதான். 240 கலோரிக்கு வேண்டிய கிழங்கு ஒரு பெரிய தட்டு நிறைய வரும், தண்ணீரும் எடையுமாக வயிற்றை நிரப்பும். (வறுவலுக்கு இது பொருந்தாது, எண்ணெய் உறிஞ்சிய பின் அது வேறு பண்டம்.)

ஆக, பசி ஒரு கயிற்றில் ஆடுவதில்லை. வயிறு எவ்வளவு நிரம்பியது, புரதம் எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு, மென்றோமா குடித்தோமா, ராத்திரி எவ்வளவு தூங்கினோம் எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. இதில் புரதத்தின் பங்கு பெரியது, உங்கள் நாளில் பெரிய ஓட்டையும் அங்கேதான். மூன்று சப்பாத்தி, நாலு டீயின் பால், பிஸ்கட் எல்லாவற்றையும் கூட்டினாலும் 25 கிராம் புரதம் தேறுவது கஷ்டம். உங்கள் உயரத்துக்கு எடை குறைக்கும் காலத்தில் 60 கிராமாவது வேண்டும் என்பேன். பருப்பு இல்லை, முட்டை இல்லை, பத்தரை மணி வரை தயிர்கூட இல்லை. இருட்டில் உங்கள் கை சோற்றோடு தயிரையும் சேர்த்து எடுத்ததை யோசித்துப் பாருங்கள்.

தூக்கத்தையும் விட்டுவிட முடியாது. பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுவதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பிள்ளைகளுக்கு மதிய டிபன் கட்டும் வீட்டில் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பதினொன்றுக்குப் படுக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள், இரவுச் சாப்பாடு ஒழுங்காக இருந்தால் பத்தரை மணி அடுப்படிப் பயணம் குறையும், அந்த நேரமும் மிச்சமாகும்.

திரும்பி வந்த ஒன்றரை கிலோ

இதற்காக நீங்கள் அழுததாக எழுதியிருந்தீர்கள். நம் ஈரலிலும் தசையிலும் 400, 500 கிராம் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேமிப்பில் இருக்கும், ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்ததும் முதலில் செலவாவது இந்தச் சேமிப்பு, கூடவே தண்ணீரும் போகிறது. முதல் வாரத்து 3 கிலோவில் பெரும்பங்கு அது. இரவில் தயிர்ச்சோறு சாப்பிட்டதும் சேமிப்பு நிரம்பி, தண்ணீர் திரும்பியது. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் ஏறத்தாழ 7700 கலோரி உபரியாகச் சாப்பிட வேண்டும், குண்டான் அடிச் சோற்றில் அவ்வளவெல்லாம் கிடையாது. எனவே அந்த ஒன்றரை கிலோவைத் தோல்வியாக எழுதாதீர்கள். அதேபோல முதல் 3 கிலோவையும் வெற்றியாக எழுத முடியாது. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். தராசோடு இடுப்பளவையும் பாருங்கள், இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.-க்குள் இருப்பது நல்லது.

கணவரிடமும் இதைச் சொல்லுங்கள், முடிந்தால் இந்தப் பத்தியையே காட்டுங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் எடை அதிகமான 50 பேரைப் பத்து வாரம் கடுமையான டயட்டில் வைத்து, ஒரு வருடம் கழித்து ரத்தத்தைப் பார்த்தார்கள், 2011-ல் வெளியானது. டயட் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. எடை குறையும்போது உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது. இதைத் திட்டியோ ரோஷப்படுத்தியோ யாராலும் மாற்ற முடியாது. வீட்டில் ஒருவர் எடை குறைக்கும்போது மற்றவர்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி, மாலை ஆறு மணிக்கு முறுக்குப் பாக்கெட்டை ஹாலில் பிரிக்காமல் இருப்பது.

கீட்டோவுக்குப் போகலாமா

நேர்மையாகச் சொல்கிறேன், கீட்டோவில் சிலருக்குப் பசி குறையத்தான் செய்கிறது. எனக்குத் தெரிந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் தோழி சொல்வது போல அது மட்டும்தான் வழி என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தது, 2018-ல் முடிவு வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ குறைந்தார்கள், புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொன்னது காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள் என்பது.

2021-ல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் சுவாரசியமாகப் பட்டது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கீட்டோ வகை உணவு, இரண்டு வாரம் மாவுச்சத்து நிறைந்த, கொழுப்புக் குறைந்த தாவர உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். மாவுச்சத்து உணவில் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறியது உண்மை, ஆனாலும் அதில் இருந்தபோது நாளுக்கு 500 கலோரிக்கு மேல் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள், பசி கூடுதலாக இருந்ததாக யாரும் சொல்லவில்லை. பருப்பும் காயும் முழுத் தானியமுமான மாவுச்சத்தையும், பிஸ்கட்டும் ஜூஸுமான மாவுச்சத்தையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

உங்கள் விஷயத்தில் நான் கீட்டோவைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு சமையல், உங்களுக்குத் தனியாக ஒன்று என்று எத்தனை மாதம் நடத்துவீர்கள்? அதைவிட முக்கியம், இவ்வளவு கடுமையாக விலக்கியதுதான் உங்களை இருட்டில் அடுப்படிக்கு அனுப்பியது. இன்னும் கடுமையாக விலக்கினால் இன்னும் அதிக இரவுகள் அப்படிப் போகும் என்பது என் பயம்.

பதிலாக, நாளையிலிருந்து

காலை டிபனை ஆரம்பியுங்கள். இரண்டு முட்டையும் இரண்டு மூன்று இட்லியும், சாம்பார் தண்ணியாக இல்லாமல் பருப்பு தெரிகிற மாதிரி. முட்டை வேண்டாத நாளில் பெசரட்டோ அடையோ. தேன் தண்ணீரில் தேனை மட்டும் விட்டுவிடுங்கள், எலுமிச்சைத் தண்ணீர் இருக்கட்டும்.

மதியம் சோறு சாப்பிடுங்கள். ஆமாம், சோறுதான். ஒரு கப், குழிக்கரண்டியில் அளந்து முதல் ஒரு வாரம் எடுங்கள், பிறகு கண்ணே பழகிவிடும். டப்பாவில் பாதி இடம் பொரியல், கூட்டு, கீரை. கால் பங்கு பருப்பு, முட்டை, பன்னீர், மீன் இவற்றில் ஏதாவது. மிச்சம் கால்தான் சோறு, கடைசியில் தயிர். கூட்டையும் பொரியலையும் பாதிக்கு மேல் தின்ற பிறகு சோற்றில் கை வையுங்கள். நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகளிடம் இந்த வரிசையைச் சோதித்தபோது, அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் மாறியதற்கே சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. 11 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் செலவில்லாத பழக்கம், முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை. பிறகு பதினொரு மணி ஜூஸுக்குப் பதில் அதே பழத்தை முழுதாக வாங்கி உரித்துத் தின்னுங்கள்.

மாலை நாலரைக்குச் சுண்டல். கொண்டைக்கடலை, தட்டப்பயறு, பாசிப்பயறு எது ஊறியிருக்கிறதோ அது, ஒரு கப். இது உங்கள் நாளில் மிக முக்கியமான வேளை, ஏனென்றால் பிஸ்கட் இருந்த இடம் இது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில் என்ற வரிசையில்தான் பெரும்பாலும் இருக்கும், பொருட்களை அளவு அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. எட்டு பிஸ்கட்டில் 200 கலோரியை ஒட்டி வரும், ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு கப் சுண்டலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் 10 கிராம் புரதமும் நல்ல நார்ச்சத்தும் உண்டு, எட்டு மணி வரை உங்களைக் கேள்வி கேட்காது.

டீயை விட வேண்டாம். இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், பத்து நாள் கழித்து ஒன்று, பிறகு அரை. நாக்கு பழக இரண்டு மூன்று வாரம் எடுக்கும், பிறகு பழைய இனிப்பு உங்களுக்கே திகட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் நாலாவது நாள் நிலைமை என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரவு ஏழரை எட்டுக்குள் ஒரு முழுச் சாப்பாடு: இரண்டு தோசையோ ஒரு கப் சோறோ, கூடவே கூட்டு, ஒரு முட்டை அல்லது கொஞ்சம் பன்னீர். பப்பாளி அதன் பின்னால் வரட்டும், அதற்குப் பதிலாக இல்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பசி கூடுவது இயல்பு, அந்த வாரம் சுண்டலை இன்னும் அரை கப் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடிமையா என்று கேட்டிருந்தீர்கள்

அந்தச் சொல்லை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர் ராத்திரி சோறு தின்பதற்குப் பெயர் பசி. மேலே சொன்னபடி நாலு வாரம் சாப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இது அடங்கிவிடும். அப்படியும் அடங்காமல், வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் வேகவேகமாகச் சாப்பிடுவதும், ஒளிந்து சாப்பிடுவதும், பின்பு தன் மேலேயே அருவருப்பு வருவதும் வாரம் ஒரு முறையாவது என்று மூன்று மாதமாக நடந்தால், அது மிகையுணவுக் கோளாறாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள், வெட்கப்பட அதில் எதுவுமே இல்லை. கூடவே தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பரிசோதனையும் ஹெச்பிஏ1சி-யும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். 5.9 என்பது சர்க்கரை நோய் இல்லை, 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய கட்டம். எடையில் 5 முதல் 7 சதவீதம், அதாவது உங்களுக்கு நாலைந்து கிலோ குறைந்தாலே ஆபத்து நன்றாகக் குறையும்.

மாமியாரின் மாத்திரை

அவர் மெட்பார்மினோடு கிளைமிபிரைடு எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிளைமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினை வரவழைக்கும் மாத்திரை. மாத்திரையைப் பழைய அளவில் போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், வயதானவர்களுக்குக் கீழே விழுந்து எலும்பு முறிவு வரை போகும். அப்படி ஆனால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள், குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை. அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

சீட்டில் டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் மாதிரி 'புளோசின்' என்று முடியும் மாத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் கீட்டோ பக்கம் போகவே கூடாது, ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து உண்டு, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே அது நடக்கலாம் என்பதால் வீட்டில் கண்டுபிடிப்பதும் கஷ்டம். அவரும் மாவுச்சத்தைக் குறைக்கலாம், குறைப்பது அவருக்கு நல்லதும்கூட. ஆனால் மாத்திரைச் சீட்டோடு அவருடைய டாக்டரிடம் போய், மாத்திரை அளவையும் சேர்த்து மாற்றிய பிறகுதான்.

இன்று ராத்திரி குண்டானில் சோறு மிஞ்சினால் படுக்கப் போகும் முன்பே தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் ஒரு கப் பழையது, மோர், நாலு சின்ன வெங்காயம், அவித்த முட்டை இரண்டு. இட்லி இல்லாத நாளுக்கு அதுவே டிபன், மேசையில் உட்கார்ந்து, தட்டில் போட்டு.